கேளிக்கைப் பூங்கா செல்ல எந்த மாதம் நல்ல மாதம்?

செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல எது நல்ல நேரம்? நேயர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், விடை அவ்வளவு எளிதில் கிடைத்துவிடுவதில்லை.

கல்யாணம், கிரகப்பிரவேசம் என்றால் நம்மவர்கள் பஞ்சாங்கத்தை எடுத்து நாள் பார்ப்பார்கள். கேளிக்கைப் பூங்கா என்றால் மட்டும் "ஜூன் விடுமுறை வருகிறது, போய்விடலாம்" என்று யோசிக்காமல் முடிவெடுத்துவிடுகிறோம். அதே வாரத்தில் அதே முடிவை இன்னும் பல ஆயிரம் குடும்பங்களும் எடுத்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

இதில் பணமும் இருக்கிறது. பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் என்று நான்கு பேர் போனால் நுழைவுச்சீட்டுக்கே ஏறக்குறைய முந்நூறு வெள்ளி ஆகிவிடும். சாப்பாடு, தண்ணீர், பிள்ளை பிடிவாதம் பிடித்து வாங்கும் பொம்மை எல்லாம் தனிக்கணக்கு. ஷிஃப்டு வேலை பார்க்கும் அப்பா ஒருவர் மேலாளரிடம் சொல்லி ஒருநாள் விடுப்பு எடுத்திருப்பார். அந்த ஒருநாள் முழுவதும் வரிசையில் நிற்பதிலேயே போய்விட்டால், பணம் போனதைவிட மனம் நோவதுதான் பெரிதாக இருக்கும்.

"நாள் செய்வது போல் நல்லோர் செய்யார்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பூங்காவைப் பொறுத்தவரை அந்த நல்ல நாளைக் கண்டுபிடிக்க மூன்று நாட்காட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மழை நாட்காட்டி. இரண்டாவது நம் பள்ளி நாட்காட்டி. மூன்றாவது அண்டை நாடுகளின் விடுமுறை நாட்காட்டி.

அந்தக் காலத்தில் இந்தக் கவலை இல்லை

நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. ஜாலான் புசார், கிச்சனர் ரோடு பகுதியில், தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் 'நியூ வேர்ல்ட்' என்ற கேளிக்கை உலகம் 1923ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பிறகு கிம் செங் ரோட்டில் 'கிரேட் வேர்ல்ட்' வந்தது. நாடகம், நடனம், குத்துச்சண்டை, ராட்டினம், சாப்பாட்டுக் கடைகள் என எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. வேலை முடிந்து, வெயில் தாழ்ந்த பிறகு மக்கள் போவார்கள். மழை வந்தால் வீட்டுக்குத் திரும்பிவிட்டு மறுநாள் போகலாம்.

நியூ வேர்ல்ட் 1987ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் இடத்தில் 2009ஆம் ஆண்டு முதல் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி இயங்கி வருகிறது. பழைய நுழைவாயில் மட்டும் நினைவுச்சின்னமாக அங்கே நிற்கிறது.

இன்றைய பூங்காக்கள் வேறு வகை. பகல் முழுவதும் இருப்பதற்காக ஒரு பெருந்தொகையை முன்கூட்டியே கட்டி, குறிப்பிட்ட தேதிக்குச் சீட்டு வாங்குகிறோம். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010 மார்ச் மாதத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2011 மே மாதத்தில் அதிகாரபூர்வத் திறப்புவிழா நடந்தது. ஏறக்குறைய 20 ஹெக்டர் பரப்பில் பெரும்பகுதி திறந்தவெளி. ஆகவேதான் மழையும் வெயிலும் கூட்டமும் இன்று நம் கணக்கில் வந்து சேர்ந்துகொள்கின்றன.

மழை நாட்காட்டி

சிங்கப்பூரில் எல்லா மாதமும் மழை பெய்யும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா மாதமும் ஒரே அளவில் பெய்வதில்லை. 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுச் சராசரியின்படி, சாங்கி வானிலை நிலையத்தில் ஓர் ஆண்டில் சுமார் 2,113 மில்லிமீட்டர் மழை பதிவாகிறது. அதில் டிசம்பர் மாதத்துக்கு மட்டும் சுமார் 332 மில்லிமீட்டர். பிப்ரவரியில் சுமார் 105 மில்லிமீட்டர்தான். அதாவது டிசம்பர் மழையில் மூன்றில் ஒரு பங்கு.

காரணம் வடகிழக்குப் பருவக்காற்று. டிசம்பரிலும் ஜனவரியிலும் அது ஈரமாக வீசுகிறது. சில சமயம் வானம் விடாமல் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து கொட்டும். 2025 ஜனவரி 10ஆம் தேதி தொடங்கிய அடைமழையில், ஒரு மாதம் முழுவதும் சராசரியாகப் பெய்ய வேண்டிய மழையைவிட அதிகமாக இரண்டே நாட்களில் சாங்கியில் பெய்தது. பிப்ரவரியில் அதே பருவக்காற்று வறண்டுவிடும். காற்று இருக்கும், மழை குறைவு. வெளியில் நடமாட இதைவிட நல்ல காலம் இங்கே கிடையாது எனலாம்.

மார்ச் இறுதியிலிருந்து மே வரை இரு பருவங்களுக்கு இடைப்பட்ட காலம். வெயில் உச்சத்தில் இருக்கும். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதற்கு முன் அந்த அளவு வெப்பம் 1983ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் பதிவாகியிருந்தது. இந்தக் காலத்தில் காலையில் வானம் தெளிவாக இருந்து, பிற்பகலில் இடியுடன் மழை வரும். அக்டோபரும் நவம்பரும் ஏறக்குறைய இதே மாதிரிதான். நவம்பர் ஆக ஆக மழை கூடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. 'சுமத்ரா' என்று நாம் சொல்லும் பலத்த காற்றும் மழையும் விடியற்காலையிலோ காலையிலோ வந்து போகும். பெரும்பாலும் நண்பகலுக்குள் அடங்கிவிடும். எனவே ஜூலை மாதக் காலையில் மழையைப் பார்த்தவுடன் மனம் தளர வேண்டியதில்லை. ஏப்ரல் மாதக் காலை வெயிலைப் பார்த்து ஏமாறவும் கூடாது.

மழையைவிட மின்னல்தான் பூங்காக்களுக்குப் பெரிய தடை. உலகில் மின்னல் அதிகமாகத் தாக்கும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. மின்னல் அபாயம் இருந்தால் வெளிப்புற விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். ஜுராசிக் பார்க் தண்ணீர்ப் பயணம், உயரத்தில் ஓடும் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா போன்றவை அப்போது ஓடாது. 'மம்மி', 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' ஆகியவை கூரைக்குள் இருப்பதால் பெரும்பாலும் தொடரும். பாசிர் ரிஸ்ஸில் உள்ள 'வைல்ட் வைல்ட் வெட்', செந்தோசாவின் 'அட்வென்ச்சர் கோவ்' போன்ற தண்ணீர்ப் பூங்காக்களுக்கும் இதே கதைதான். எப்படியும் நனையத்தானே போகிறோம், மழை என்ன செய்யும் என்று நினைக்கலாம். மழை ஒன்றும் செய்யாது, மின்னல்தான் குளத்தைவிட்டு வெளியேற்றிவிடும்.

இன்னொன்று புகைமூட்டம். ஜூன் முதல் அக்டோபர் வரை, அதிலும் எல் நினோ வறட்சி ஆண்டுகளில், சுமத்ராவின் காட்டுத்தீப் புகை இங்கே வரக்கூடும். 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத்தூய்மைக் குறியீடு 401ஐத் தொட்டது. அது ஜூன் விடுமுறைக் காலம். 2015 செப்டம்பர் 25ஆம் தேதி தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளே மூடப்பட்டன. எல்லா ஆண்டும் இப்படி நடப்பதில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த மாதங்களில் வெகு முன்பே சீட்டு வாங்கி வைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

பள்ளி நாட்காட்டி

மழையை மட்டும் பார்த்தால் பிப்ரவரிதான் சிறந்தது. ஆனால் பிப்ரவரியில் பள்ளி இருக்கிறதே? இங்கேதான் பெற்றோருக்கு உண்மையான இக்கட்டு.

கல்வி அமைச்சின் நாட்காட்டியில் மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம் விடுமுறை. அமைச்சு இந்த அட்டவணையை முந்திய ஆண்டிலேயே வெளியிட்டுவிடுகிறது. பூங்காவில் கூட்டம் குறைந்த நாள் வேண்டும் என்பதற்காகப் பிள்ளைக்குப் பள்ளியில் லீவு போடலாமா என்று சில பெற்றோர் யோசிக்கிறார்கள். அப்படிச் செய்யாமல் இருப்பதே நல்லது. பள்ளிகள் அதை ஏற்பதில்லை என்பது ஒருபுறம் இருக்க, விளையாட்டுக்காகப் பாடத்தைத் தள்ளிவைக்கலாம் என்று நாமே பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். நாளைக்கு அதே பிள்ளையிடம் வேறு மாதிரி சொன்னால் எடுபடாது.

அப்படியென்றால் விடுமுறைக்குள்ளேயே நல்ல வாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜூன் விடுமுறையில் முதல் இரண்டு வாரம் அதிகக் கூட்டம் என எதிர்பார்க்கலாம். மலேசியப் பள்ளிகளின் இடையாண்டு விடுமுறை பெரும்பாலும் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் வருகிறது. இந்தியாவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்தவர்களும் இருப்பார்கள். கடைசி வாரத்தில் பல குடும்பங்கள் ஊரிலிருந்து திரும்பி, பள்ளி திறப்பதற்கான வேலைகளில் இறங்கிவிடும். அந்த வாரத்தின் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்கள் ஜூனில் ஓரளவு நல்ல தேர்வு.

ஆண்டிறுதி விடுமுறையிலும் இதே முறைதான். விடுமுறை தொடங்கும் நவம்பர் பிற்பகுதியில் மழை இருக்கும். ஆனால் பெரியவர்கள் பெரும்பாலோர் ஆண்டிறுதி விடுப்பை இன்னும் எடுத்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 20க்குப் பிறகு புத்தாண்டு வரை மழையும் உச்சம், கூட்டமும் உச்சம். வேறு வழி இருந்தால் அந்தப் பத்து நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒரு நாள் ஜூலையில் இருக்கிறது. ஜூலை முதல் ஞாயிறு இளையர் தினம். அதற்கு மறுநாள் திங்கட்கிழமை பள்ளிகளுக்கு விடுமுறை. அது பொது விடுமுறை அல்ல, அலுவலகங்கள் இயங்கும். எனவே பெற்றோரில் ஒருவர் ஒருநாள் விடுப்பு எடுத்தால், பொது விடுமுறை நாளின் நெரிசல் இல்லாமல் பிள்ளையை அழைத்துப் போகலாம். அக்டோபர் முதல் வெள்ளி தொடக்கப் பள்ளிகளுக்குச் சிறுவர் தின விடுமுறை. ஆனால் சீனாவின் தேசிய தின வார விடுமுறை அக்டோபர் முதல் தேதி தொடங்குவதால், அந்த வெள்ளி பல ஆண்டுகளில் அதற்குள் மாட்டிக்கொள்கிறது.

பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவாக இல்லை. அவர்கள் துணிந்து பிப்ரவரியைத் தேர்ந்தெடுக்கலாம். சீனப் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். அதற்குப் பிறகு ஒரு வாரம் விட்டு, வாரநாளில் செல்வது சிறப்பு. ஆகஸ்டில் தேசிய தினத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்து மற்ற வாரநாட்களும் பொருத்தமானவை.

அண்டை வீட்டு நாட்காட்டி

நமக்கு வேலைநாளாக இருப்பது அடுத்தவருக்கு விடுமுறையாக இருக்கலாம். சீனாவில் மே தின விடுமுறை, அக்டோபர் தேசிய தின வாரம், சீனப் புத்தாண்டு ஆகிய மூன்றும் பெருங்கூட்டம் பயணம் செய்யும் காலங்கள். 2024 பிப்ரவரி 9ஆம் தேதி முதல் சிங்கப்பூரும் சீனாவும் ஒன்றுக்கொன்று விசா இல்லாமல் 30 நாள் தங்க அனுமதித்திருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த நாட்காட்டியைக் கவனிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஹாங்காங் டிஸ்னிலேண்ட் உதாரணம். 2005 செப்டம்பரில் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவுக்கு 2006 பிப்ரவரி, சீனப் புத்தாண்டு விடுமுறையில் சீனாவிலிருந்து எதிர்பாராத அளவுக்குக் கூட்டம் வந்தது. அப்போது வாங்கிய சீட்டைப் பல மாதங்களுக்குள் எந்த நாளிலும் பயன்படுத்தலாம் என்று இருந்ததால், எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியவில்லை. உள்ளே இடமில்லாமல் வாசல் கதவை மூட நேர்ந்தது. சீட்டைக் கையில் வைத்திருந்த குடும்பங்கள் பிள்ளைகளுடன் வெளியே நின்றன. சிலர் வேலி ஏறிக் குதிக்கவும் முயன்றனர். பூங்காச் சீட்டுகள் இன்று பெரும்பாலும் தேதி குறித்து விற்கப்படுவதற்கு இத்தகைய அனுபவங்கள்தான் காரணம். தேதி குறித்த சீட்டு நமக்கு இடைஞ்சல்போல் தோன்றினாலும், வாசலில் திருப்பி அனுப்பப்படாமல் நம்மைக் காப்பதும் அதுவே.

ஜோகூரில் உள்ள லெகோலேண்டுக்குப் போகிறவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 2014 முதல் 2024 வரை ஜோகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அங்கே பள்ளி உண்டு. அதனால் ஞாயிறன்று போவது நல்லது என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2025 ஜனவரி முதல் அங்கேயும் சனி, ஞாயிறு விடுமுறை திரும்பிவிட்டது. பழைய யோசனையை நம்பிக் கடற்பாலத்தில் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

ஊரிலிருந்து உறவினர் வந்தால்

தமிழ்நாட்டிலிருந்து அண்ணன் குடும்பமோ அக்கா குடும்பமோ வருவது பெரும்பாலும் மே மாதத்தில்தான். அங்கே ஏப்ரலில் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறப்பதால் அவர்களுக்கு வேறு வழியில்லை. மே மாதம் வந்தால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும். வாரநாளில் விருந்தினரை மட்டும் பூங்காவுக்கு அனுப்பிவிட்டு, வார இறுதியில் எல்லாரும் சேர்ந்து கரையோரப் பூந்தோட்டங்கள், விலங்குத் தோட்டம் என்று போகலாம். 'எங்களை விட்டுவிட்டுப் போகிறார்களே' என்று பிள்ளைகள் முகம் சுளிக்கும்தான். அதற்கு ஜூலை திங்கட்கிழமை இருக்கிறது என்று சொல்லிச் சமாதானப்படுத்தலாம்.

சென்னை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு நம் வெயில் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் வியர்வை காயாது. வயதானவர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். பாட்டி உடன் வந்தால் நண்பகல் 12 முதல் 3 மணி வரை குளிரூட்டப்பட்ட இடத்தில் உட்கார வைத்துவிடுங்கள்.

கோடைதான் என்று கட்டாயம் இல்லாத உறவினர்களுக்குச் சொல்லத்தக்க இன்னொரு காலம் செப்டம்பர் கடைசி வாரம். அங்கே காலாண்டுத் தேர்வு விடுமுறை பெரும்பாலும் அதை ஒட்டி வருகிறது. இங்கே செப்டம்பர் பள்ளி விடுமுறை முடிந்திருக்கும். சீனாவின் அக்டோபர் விடுமுறை தொடங்கியிருக்காது. தீபாவளி நெருங்கும் ஆண்டுகளில் சிராங்கூன் ரோட்டின் ஒளியலங்காரத்தையும் அவர்களுக்குக் காட்டிவிடலாம். ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய வாரத்தில் ஹோட்டல் கட்டணம் ஏறிவிடும் என்பதால், அந்தத் தேதியை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். அந்தப் பருவத்தில் யுனிவர்சலில் 'ஹாலோவீன்' திகில் இரவுகளும் நடக்கும். அதற்குத் தனிச்சீட்டு. அந்த நாட்களில் பகல் நேரப் பூங்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடப்படலாம்.

எந்த மாதம் என்பதோடு எந்த வயது என்பதும்

நாள் பார்க்கும்போது பிள்ளையின் உயரத்தையும் பாருங்கள். யுனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 சென்டிமீட்டர், தண்ணீர்ப் பயணத்துக்கு 107, மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டாருக்கு 125 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். 120 சென்டிமீட்டர் உள்ள பிள்ளையை ஜூனில் அழைத்துப் போனால், மம்மி வாசலில் அளவுகோலைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஐந்து மாதம் பொறுத்து நவம்பரில் போனால் அதே பிள்ளை உள்ளே போய்விடும். அண்ணன் உள்ளே போகத் தம்பி வெளியே அழும் காட்சியையும் தவிர்க்கலாம்.

வயதுக் கணக்கும் உண்டு. சிறுவர் சீட்டு 4 வயது முதல் 12 வயது வரை. 13 ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம். பிறந்தநாள் எப்போது வருகிறது என்று பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

சீட்டு வாங்கும் முன்

கூட்டம் குறைந்த காலத்திலும் ஒரு குறை உண்டு. பராமரிப்பு வேலைக்காக விளையாட்டுகளை மூடுவது பெரும்பாலும் அப்போதுதான். எந்த விளையாட்டு எந்தத் தேதியில் மூடியிருக்கும் என்பதைப் பூங்காவின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். முகவர்களிடம் சலுகை விலையில் வாங்குகிறவர்கள், அந்தச் சீட்டு எந்தத் தேதிக்குச் செல்லும், தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசையைத் தாண்டிச் செல்லும் 'எக்ஸ்பிரஸ்' சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறும். கூட்டம் அதிகம் எதிர்பார்க்கப்படும் நாளில் விலையும் அதிகம். இதையே ஒரு துப்பாகவும் பயன்படுத்தலாம். நீங்கள் நினைத்திருக்கும் வாரத்தில் எந்த நாளுக்கு அந்தச் சீட்டு மலிவாக இருக்கிறதோ, அந்த நாளில் கூட்டம் குறையும் என்று பூங்காவே கணித்திருக்கிறது என்று பொருள். அந்த நாளில் போனால் எக்ஸ்பிரஸ் சீட்டே தேவைப்படாமலும் போகலாம்.

போகும் நாளில் தாமதம் வேண்டாம். லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஹார்பர்ஃபிரண்டுக்கு வண்டி மாறாமல் போய்விடலாம். அங்கிருந்து விவோசிட்டி வழியாகச் செந்தோசா ரயில் ஏறலாம், அல்லது நடைபாதையில் நடந்தும் சேரலாம். கதவு திறக்கும்போது வாசலில் இருப்பவர்களுக்கு முதல் இரண்டு மணி நேரம் மிகவும் பயனுள்ளது. வெளிப்புற விளையாட்டுகளை அப்போதே முடித்துவிட்டால், பிற்பகலில் இடி இடித்தாலும் கவலையில்லை.

வார விடுமுறை ஞாயிறு மட்டுமே என்ற நிலையில் வேலை செய்பவர்களுக்கு இவ்வளவு தேர்வுகள் கிடையாது. அவர்கள் பிப்ரவரி இறுதி, ஆகஸ்டு பிற்பகுதி ஆகிய காலங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்துக் காலையிலேயே போய்விடுவது நல்லது. பொது விடுமுறையை ஒட்டி நீளும் வார இறுதியைவிட சாதாரண ஞாயிறு எவ்வளவோ மேல்.

ஆகவே ஒரே மாதத்தை எல்லாருக்கும் நல்ல மாதம் என்று சொல்லிவிட முடியாது. பாலர் பள்ளிப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பிப்ரவரி; பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு ஜூன் கடைசி வாரம், ஜூலைத் திங்கட்கிழமை அல்லது நவம்பர் இறுதி; ஊரிலிருந்து வருபவர்களுக்குச் செப்டம்பர் கடைசி வாரம் அல்லது மே மாத வாரநாட்கள். அடுத்த ஆண்டின் பள்ளி அட்டவணை வெளிவந்ததும் வீட்டு நாட்காட்டியில் இந்தத் தேதிகளை வட்டமிட்டு, விடுப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நல்ல நாள் கிடைத்தும் விடுப்பு கிடைக்காமல் போகும் வீடுகள்தான் இங்கே அதிகம்.